மினரல் என்றால் தண்ணீர் அல்ல

என் பெயர் குஸ்ரினி. தகப்பனார் பெயர் வகிமின். வயது நாற்பத்தேழு. ஜாவாத் தீவில் செமராங் நகரம், கெனுக் பகுதி, உப்பளச் சந்தில் ஏழாம் எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். வீட்டின் முன்பக்கத்தில் 'ரினி மோட்டார்' என்ற பெயரில் மோட்டார் சைக்கிள்களுக்கும் சிறிய கார்களுக்கும் பழுது பார்த்து ஆயில் மாற்றிக் கொடுக்கும் பட்டறை நடத்தி வருகிறேன். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார், தற்போது கடலில் இருக்கிறார். என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. இன்று புதன்கிழமை இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். வற்புறுத்தல் இருந்தது, ஆனால் அது வேறொரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

என் மீது புகார் கொடுத்திருக்கும் தர்முஜி எங்கள் தெருவின் தலைவர், ஐயா என்கிற மரியாதையோடு பாக் தர்முஜி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறார். வீடு மாறினாலும் கல்யாணம் செய்தாலும் அவருடைய முத்திரை வேண்டும் என்பதால் தெருவில் ஒருவரும் அவரை எதிர்த்துப் பேசுவது கிடையாது. நான் பேசுவதுண்டு. அவரிடம் ஒரு காரும், கியர் போட்டு ஓட்டுகிற பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றும் இருக்கின்றன. அவருடைய புகாரில் இரண்டு குற்றங்கள் சொல்லப்பட்டிருப்பதாக எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒன்று, நான் எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்து விற்றேன் என்பது. மற்றொன்று, கொதிக்கும் ஆயிலை அவர் முகத்தில் வீசினேன் என்பது. இரண்டும் பொய். முதலாவது பொய் மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட. இந்தக் கடைசி வாக்கியம் வேண்டாம் என்று எழுதுகிற அதிகாரி சொன்னார். என் வாக்குமூலம் என்றால் அது இருந்தாக வேண்டும் என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

கடந்த வியாழக்கிழமை காலை பாக் தர்முஜி தன் மோட்டார் சைக்கிளை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை அவர் மகள் வெனிங்குக்கு அரசு வேலைக்கான தேர்வு என்றும், அவளைத் தானே பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகப் போவதாகவும், அதனால் ஆயில் மாற்றி வண்டியைப் பதமாக வைக்க வேண்டும் என்றும் சொன்னார். கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதற்குள் ஒரு டின் இருந்தது, பாதிக்கும் குறைவாக ஆயில் மிச்சமிருந்தது.

"குஸ், இத ஊத்திவிடு. காருக்கு வாங்கினதுல மிச்சம். ஃபுல் சிந்தெடிக். ராஜா மாதிரி ஆயில்."

"காருக்கு ராஜாதான் பாக். இந்த வண்டிக்கு வில்லன். எடுத்து உள்ள வைங்க."

"காசு குடுத்து வாங்கினவன் நான். நல்லது கெட்டது நீ சொல்றியா?"

"வாங்கறது உங்க இஷ்டம். ஊத்தறது என் கை. கெட்டுப்போனா என்னைத்தானே வந்து கேப்பீங்க?"

அதன் பிறகு நான் அவருக்குக் காரணத்தைச் சொன்னேன். அதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழக்கே அதில்தான் இருக்கிறது. காரில் எஞ்சின் ஆயில் எஞ்சினுக்குள் மட்டும் ஓடும், கிளட்ச் தனியாக, உலர்ந்து இருக்கும். கியர் போடுகிற மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. எஞ்சினுக்கு ஊற்றுகிற அதே ஆயிலில்தான் கிளட்ச் பிளேட்டுகளும் ஊறிக் கிடக்கும். காருக்கென்று வருகிற மெல்லிய ஆயிலில், எஞ்சின் லேசாகச் சுற்றிப் பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்று வழுக்கல் மருந்து சேர்த்திருப்பார்கள். எஞ்சினுக்கு அது சுகம். ஆனால் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். சோப்புக் கையோடு கயிறு இழுக்கிற மாதிரி ஆகிவிடும் பாக் என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிந்தெடிக் மீது எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. அதையும் எழுத வேண்டும். ஆலையில் சீராகச் செய்யப்பட்ட ஆயில் அது. சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது, மாற்றாமல் அதிக தூரம் ஓடலாம். நாள் முழுக்க வாடகைக்கு ஓடுகிற புதுக் கார்களுக்கு நானே அதைத்தான் ஊற்றுகிறேன். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த சிந்தெடிக்கும் என் அலமாரியில் இருக்கிறது, கேட்கிற பையன்களுக்குக் கொடுக்கிறேன். கியர் இல்லாத ஸ்கூட்டருக்குக் கிளட்ச் வெளியே இருப்பதால் அதில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் பாக் தர்முஜியின் வண்டி தேய்ந்த எஞ்சின், சீல்கள் எல்லாம் பழசு. அதற்கு மெல்லிய ஆயில் ஊற்றினால் கசியும், புகையும். நிலத்தடிக் கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து வருகிற சாதாரண ஆயில் போதும், அடிக்கடி மாற்றினால் சரி. விலை கூடினால்தான் நல்லது என்று நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

அதன் பிறகு நான் பழைய ஆயிலை இறக்கிவிட்டு, டிரம்மிலிருந்து பம்பு அடித்துப் புது ஆயில் ஊற்றினேன். அப்போது அவர் டிரம்மைப் பார்த்துக் கேட்டார்.

"இது என்ன?"

"மினரல், பாக்."

"மினரலா?"

"மினரல்தான். உங்க வண்டி வயசுக்கு இது போதும்."

அவர் கொஞ்ச நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டு நின்றார். கூலியைக் கொடுத்தார், டின் இருந்த பையை மறுபடியும் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார். நான் சொன்னது புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் எந்தப் பெட்டிக்கடைக்குப் போய் 'ஒரு மினரல்' என்று கேட்டாலும் தண்ணீர் பாட்டில்தான் கைக்கு வரும். ஆயில் வியாபாரத்தில் மினரல் என்றால் சாதாரண ஆயில். எனக்கு அது வாயில் பழகிப்போன வார்த்தை. தெருத் தலைவர், கார் வைத்திருப்பவர், சிந்தெடிக் என்ற வார்த்தையைச் சரியாக உச்சரிக்கிறவர், அவருக்கு இது தெரியாமல் இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்? இந்த வாக்குமூலத்தை எழுதத் தொடங்கியபோது அதிகாரியும் முதலில் 'மினரல் வாட்டர்' என்றுதான் எழுதினார். நான் சொல்லி அடிக்க வைத்தேன். அடித்த இடத்தில் நாங்கள் இருவரும் சுருக்கொப்பம் போட்டிருக்கிறோம்.

சனிக்கிழமை காலை கடல் தண்ணீர் சாலைக்கு ஏறியது. எங்கள் பக்கத்தில் அது அடிக்கடி நடப்பதுதான். கலிகாவே சாலையில் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. காரில் போனால் போய்ச் சேர முடியாது என்று பாக் தர்முஜி மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அங்கே நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். மேம்பாலம் இறங்கிய பிறகு முழங்கால் அளவு தண்ணீரில் வண்டி நகராமல் நின்றுவிட்டது. சாலையோரம் வண்டி தள்ளிவிட்டுக் கூலி வாங்குகிற ஆட்கள் அதைத் தள்ளிக் கரையேற்றினார்கள். வெனிங் கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தும், பிறகு வேறொருவர் வண்டியில் ஏறியும் தேர்வு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட்டைச் சாத்திவிட்டார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் இடுப்பு வரை சேறாக, அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற படத்தை யாரோ எடுத்துத் தெருவில் எல்லோர் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். என் போனுக்கும் வந்தது. பார்த்துவிட்டு அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. வெனிங் கெட்டிக்காரப் பெண். என் பட்டறைக் கணக்கு வரிக்காரர்களிடம் சிக்கியபோது உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தவள் அவள்தான்.

அதன் பிறகு நின்றுபோன வண்டியை வேறொரு பட்டறையில் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்திருக்கிறது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அந்தப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது சரி. வெள்ளத்தில் நின்ற எஞ்சின் தண்ணீர் குடித்தால் ஆயில் அந்த நிறத்தில்தான் வரும். ஆனால் பாக் தர்முஜி அதைக் கேட்டவுடன், "அப்பவே நெனச்சேன்! அவ வாயாலயே சொன்னா, மினரல்னு சொல்லித்தான் ஊத்தினா!" என்று சத்தம் போட்டதாக அங்கே இருந்தவர்கள் என்னிடம் சொன்னார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு தெரு முழுவதும் போய்விட்டது. பட்டறை வாசலில் வண்டியை மெதுவாக்கி, அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி, "இபு, ஒரு மினரல் குடுங்க, ஐஸ் போட்டு!" என்று கத்திவிட்டுப் போனார்கள் பையன்கள். வாடகை வண்டி ஓட்டுகிற பிள்ளைகள், என்னிடம் மட்டுமே ஆயில் மாற்றுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பாக் தர்முஜி ஒரு கூட்டத்தோடு என் பட்டறைக்கு வந்தார். ஒரு கையில் அவர் எஞ்சினிலிருந்து எடுத்த ஆயில் ஒரு பாட்டிலில் இருந்தது. மற்றொரு கையில் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே வந்தார். வெனிங்கும் பின்னால் வந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"எல்லாரும் பாருங்க! இதுதான் இவ விக்கற ஆயில். என் பொண்ணோட வாழ்க்கையில தண்ணி ஊத்தினவ இவதான்."

"பாக், அது கடல் தண்ணி. நான் ஊத்தினது ஆயில்."

"மினரல்னு நீ சொன்னியா இல்லையா? ஆமா இல்லைன்னு சொல்லு."

"சொன்னேன். மினரல் ஆயில்னா சாதா ஆயில். தண்ணி இல்ல."

கூட்டத்தில் சிரித்தார்கள். "சாதா ஆயில்னா சாதான்னு சொல்றது! அப்பறம் எதுக்கு மினரல்?" என்று ஒருவர் கேட்டார். அதன் பிறகு நான் என்ன விளக்கம் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாயால் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

என் பட்டறைக்கு நேர் எதிரே இபு துமிரா பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறார். அவர் அடுப்பில் வாணலி சூடாக இருந்தது. ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. காய்ந்த இரும்பின் மேல் கொஞ்சம் விட்டால் போதும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் புகையும், தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். நான் துமிராவிடம் வாணலியைக் கேட்டேன்.

"என் வாணலில எஞ்சின் ஆயிலா? நாளைக்கு என் பஜ்ஜிய எவன் தின்பான்?"

"புதுசு வாங்கித் தரேன் துமிரா. இன்னிக்கு என் மானத்த இதுல பொரிச்சுப் பாத்துடலாம்."

துமிரா முனகிக்கொண்டே சமையல் எண்ணெயைப் பானையில் இறக்கிவிட்டு, வாணலியைத் துணியால் துடைத்துக் காய வைத்துக் கொடுத்தார். முதலில் நான் எல்லோர் முன்னாலும் என் டிரம்மிலிருந்து ஒரு கரண்டி ஆயில் பிடித்து அதில் ஊற்றினேன். புகை வந்தது. சத்தம் இல்லை. கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "கேக்குதா? எங்க உங்க தண்ணி?" என்று நான் கேட்டேன்.

அப்போது வெனிங் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, தண்ணிக்கு வரதுக்கு முன்னாடியே மேம்பாலத்துல வண்டி கத்துச்சே. ஏறவே இல்லையே."

"ஏ நோக், சின்னப் பொண்ணு நீ, வாய மூடு. பெரியவங்க பேசறோம்ல?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். வியாழக்கிழமை நான் அந்த வண்டியைப் பட்டறையிலிருந்து உப்பளக் கரை மேடு வரை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். கிளட்ச் கெட்டியாகப் பிடித்தது. இரண்டு நாளில் அது தானாக வழுக்காது. வழுக்குகிற ஆயில் ஏதோ உள்ளே போயிருக்க வேண்டும். கிளட்ச் பிடித்திருந்தால் வண்டி ஒரே சீராகத் தண்ணீரைக் கடந்து போயிருக்கும். வழுக்கியதால்தான் நடுத் தண்ணீரில் நின்று, நின்றதால்தான் எஞ்சின் தண்ணீர் குடித்தது.

"பாக், அந்த டின் எங்க?" என்று கேட்டேன்.

"எந்த டின்னு?"

"காருக்கு வாங்கினதுல மிச்சம். ராஜா."

"பேச்ச மாத்தாத. உன் ஆயிலத்தான் நீ நல்லதா எடுத்து வச்சிருப்பியே. இத ஊத்து பாக்கலாம்!"

இப்படிச் சொல்லித் தன் கையிலிருந்த பாட்டிலை அவரே என்னிடம் நீட்டினார். ஆகையால் ஊற்றச் சொன்னது அவர்தான். நான் பாட்டிலை வாங்கிக் கரண்டியில் சாய்த்துக்கொண்டு, "தள்ளி நில்லுங்க பாக், தெறிக்கும்" என்றேன். அவர் தள்ளவில்லை. போனை வாணலிக்குக் கிட்டே கொண்டுவந்து குனிந்தார். "தெறிக்கும்னு சொல்றேன், கேக்கலையா?" என்று மறுபடியும் சொன்னேன். "எல்லாம் பதிவாகுது, பயமுறுத்தாத" என்றார். அதன் பிறகு நான் ஊற்றினேன். அது பட்டாசு மாதிரி வெடித்தது. அவருடைய இடது கன்னத்திலும் மணிக்கட்டிலும் தெறித்தது. போன் வாணலிக்குள் விழுந்தது.

துமிரா தீக்காயத்துக்கென்று பற்பசையை எடுத்துக்கொண்டு பாக் தர்முஜியின் முகத்தில் தடவ ஓடி வந்தார். நான் அதைத் தட்டிவிட்டு, துமிராவின் கடையில் இருந்த மினரல் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாக் தர்முஜியின் கன்னத்திலும் கையிலும் ஊற்றிக்கொண்டே இருந்தேன், வண்டி வந்து மருத்துவமனைக்கு ஏற்றும் வரைக்கும். அந்த மனிதருக்கு என் கையால் நான் தண்ணீர் ஊற்றியது அந்த ஒரு முறைதான். அவர் முகத்தில் ஆயிலை வீசினேன் என்பது பொய். கூட்டத்தில் இன்னும் நாலைந்து போன்கள் உயர்ந்திருந்தன. அவற்றில் நான் தள்ளி நிற்கச் சொன்னது கேட்கிறது. அதிகாரியும் பார்த்துவிட்டார். ஆனாலும் ஊற்றியது உங்கள் கைதானே என்று கேட்கிறார். என் கைதான். மறுக்கவில்லை.

அன்றே என் பட்டறை வாசலில் போலீஸார் மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள். நேற்று செவ்வாய்க்கிழமை என்னை இங்கே அழைத்து ஒரு சமாதானக் கடிதத்தை முன்னால் வைத்தார்கள். தட்டச்சு செய்து, ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்டி, என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. 'ஆயிலில் தண்ணீர் கலந்து விற்றதற்கும், அதனால் ஏற்பட்ட கஷ்டங்களுக்கும், காயத்துக்கும் பாக் தர்முஜியிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்று அதில் எழுதியிருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார், நாளைக்கே பட்டறையைத் திறக்கலாம், போடாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும், உள்ளே இருக்க வேண்டியும் வரலாம் என்று சொன்னார்கள்.

"ஒரு குடும்பம் மாதிரி இருக்கற தெரு இபு. ஒரு கையெழுத்துல முடியற விஷயம். பெரிய மனுஷன், விட்டுக் குடுங்களேன்" என்று அதிகாரி நல்ல விதமாகத்தான் சொன்னார்.

"காயத்துக்கு மட்டும் வருத்தம்னு எழுதுங்க, இப்பவே போடறேன். தண்ணி கலந்தேன்னு நான் எழுதிக் குடுத்தா, நாளைக்குப் பட்டறையத் தொறந்து வச்சு நான் அங்க என்ன பண்றது சார்? பஜ்ஜி போடறதா?"

அப்படித் தனியாகப் பிரித்து எழுத பாக் தர்முஜி சம்மதிக்கவில்லை என்று சொன்னார்கள். சாயங்காலம் என் கணவர் கப்பலிலிருந்து போன் செய்தார். அவருக்கும் யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள். "போட்டுத் தொலச்சிடு ரினி, ஒரு காகிதம்தானே, உசிரா போகுது?" என்றார். "உங்களுக்குக் கப்பல் இருக்கு, எனக்கு இந்தப் பேர்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்துவிட்டேன். பட்டறைப் பலகையில் எழுதியிருக்கிற பெயர் என்னுடையது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊற்றுகிற பொருளை விற்கிறவள் நான். வண்டிக்காரர்கள் என் வார்த்தையை நம்பித்தான் மூடியைத் திறந்து காட்டுகிறார்கள். அதைத் தண்ணீர் என்று நானே எழுதிக் கொடுக்க முடியாது. வழக்குப் போடட்டும். நீதிமன்றத்துக்கு வருகிறேன், என் டிரம்மையும் கொண்டு வருகிறேன்.

அந்த டின்னில் இருந்ததை பாக் தர்முஜி வண்டியில் ஊற்றியதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஊற்றினார் என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது. கிளட்ச் வழுக்கியது என்பதிலிருந்து நான் சொல்கிற முடிவு அது. நீதிமன்றத்தில் அது எடுபடுமா என்று அதிகாரி கேட்டதற்கு, எடுபடாமல் போகலாம், அதற்காகப் பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பதில் சொன்னேன்.

வாக்குமூலம் இந்த இடத்துக்கு வந்தபோது பாக் தர்முஜியின் மகள் வெனிங் அறைக்குள் வந்தாள். அதிகாரி அவளை வெளியே இருக்கச் சொன்னார். அவள் போகவில்லை. அவள் சொன்னதை என் வாக்குமூலத்தில் எழுத முடியாது என்று அதிகாரி சொல்கிறார். நான் காதால் கேட்டது, என் முன்னால் நடந்தது, அதனால் நடந்தபடி எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்படுகிறது.

"சார், இவங்களுக்கு அப்பறம் என்னோடதயும் எழுதணும்."

"உனக்கு என்னம்மா இதுல? தேர்வு போன வருத்தம் புரியுது. உங்க அப்பா பாத்துக்குவார்."

"இவங்க ஊத்தின ஆயில் அந்த வண்டில இல்லவே இல்ல சார். வெள்ளிக்கிழம சாயங்காலம் அப்பா அத மொத்தமா எறக்கிட்டாரு. 'பரீட்சைக்குப் போற வண்டி, தண்ணியவா குடிக்கணும், நல்லத குடிக்கட்டும்'னு சொல்லி அந்த டின்ன ஊத்தினாரு. பத்தலன்னு புதுசா இன்னொரு டின்னும் வாங்கிட்டு வந்தாரு. கொல்லைல இருட்டிடுச்சு. டார்ச் புடிச்சது நான்தான்."

"உங்க அப்பா மேலயே நீ சொல்றியா?"

"எனக்காகத்தான் சார் ஊத்தினாரு. வீட்டுக்கு அவர நான்தான் கூட்டிட்டுப் போகப்போறேன், சோறு போடப்போறேன். அது எங்க விஷயம். இத நீங்க எழுதுங்க."

கதவு திறந்திருந்தது. பாக் தர்முஜி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கன்னத்தில் கட்டுப் போட்டிருந்தது. மகள் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும். எழுந்து வருவார், சத்தம் போடுவார் என்று நான் பார்த்தேன். அவர் வரவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் நாளுக்கு இருப்பதில் உயர்ந்ததைத் தர வேண்டும் என்றுதான் அந்த மனிதர் டின்னைச் சாய்த்திருக்கிறார். அது எனக்குப் புரிகிறது. அதற்காக என் கோபம் போய்விட்டது என்று எழுத வேண்டாம். போகவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னதைச் செய்துவிட்டு என் தலையில் போட்டவர் அவர்.

இனியாவது சமாதானக் கடிதத்தில் வார்த்தையை மாற்றினால் சம்மதமா என்று அதிகாரி கேட்டார். காயத்துக்கு வருத்தம் என்பதை நேற்றே சொல்லிவிட்டேன், இன்றும் சொல்கிறேன். தண்ணீர் என்ற வார்த்தை இருக்கிற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன். முதலில் இந்தப் பெண் சொல்வதை எழுதுங்கள், கடிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னேன்.

மேலே உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. எனக்கு ஜாவானிய மொழியிலும் விளக்கிப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எந்த நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இந்த அறையில் நாற்காலி ஒன்றுதான் இருப்பதால், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வெனிங்குக்கு இடம் விடுகிறேன்.

(ஒப்பம்)
குஸ்ரினி